ஆறு தட்டுப் பாரம்

வெள்ளிக்கிழமைகளில் நான் மரக்கறிதான். முட்டைகூடத் தொடுவதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஒஃபிசர். ஆளைப் பற்றி ஒரு விளக்கம் வேண்டுமல்லவா?

மோர்னிங்சைட்டில் நான் வேலை செய்த இடத்தில், ஒலியை முந்திப் பறக்கப்போகும் பயணிகள் விமானம் ஒன்றின் சில்லுக் காலை, அதாவது தரையிறங்கும்போது சக்கரத்தோடு கீழே நீளுகிற காலை, சோதித்தோம். தொண்ணூற்றாறாம் ஆண்டு. ஆகாயத்தில் ராசா மாதிரிப் போகிற அந்தச் சாமான், தரைக்கு வரும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு, மற்ற விமானங்களைவிட வேகமாக வந்து தொப்பென்று விழும். ஆகவே காலுக்கு மேல் ஆறு ஈயத்தட்டு ஏற்றி, உயரத்திலிருந்து விழவிட்டுப் பார்ப்போம். தட்டு ஏற்றுவதும், காலைப் பிடித்திருக்கும் பூட்டை இழுத்துவிடுவதும் என் பொறுப்பு.

மனேஜர் வெள்ளைக்காரன். சோதனையை வெள்ளி பதினொரு மணிக்குத்தான் வைப்பான். சுத்த ராகுகாலம். அந்த நேரத்தில் உடைந்தால் அது காலின் குற்றமா? பாவம், இரும்பு. நாள் செய்வது நல்லார் செய்யார். ஆகவே இரண்டு தட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஆறு என்று பதிவேன். பதினான்கு வெள்ளி, பதினான்கு வெற்றி. என்னைச் சூப்பவைசர் ஆக்குவதாக மனேஜர் கைகொடுத்துச் சொன்னான்.

இக்னேசியஸை அங்கே சேர்த்துவிட்டது நான்தான். மன்னார் ஆள். மனைவி யூஜினியோடு சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்தான். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற கதைதான். ஒருநாள் தட்டுகளை எண்ணிவிட்டான்.

"அண்ணை, உதிலை ரெண்டு குறையுது."

"ராகுகாலமடா தம்பி."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு முகம் மாறியது.

"உதிலை சனம் ஏறப்போகுது அண்ணை. வாற வெள்ளிக்குள்ளை நீங்களே மனேஜரிட்டைச் சொல்லுங்கோ. இல்லாட்டி அண்டைக்குச் சோதனை முடிய நான் சொல்லுவன்."

சொல்லுவேன் என்றதைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வெள்ளி வந்தது. நான் சொல்லவில்லை. விழுந்தபின் எவ்வளவு நசிந்தது என்று அளக்க, ரயரில் சோக்கட்டியால் கோடு போடுவதற்கு அவன் வழக்கம்போலக் காலுக்குக் கீழே போனான். அன்று ஆறு தட்டையும் ஏற்றியிருந்தேன். அவனுக்கும் ஒரு திருப்தி இருக்கட்டுமே.

"பூட்டுப் போட்டிருக்கோ அண்ணை?"

"ஓம் தம்பி. நீ வடிவாய்ப் பார்."

பூட்டு தவறி இழுபட்டதாக உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். தவறவில்லை. இழுத்தேன். செத்தவீட்டில் யூஜினியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான். அதையும் எழுதுங்கள்.

இன்னும் ஒன்று. முழுப் பாரம், முழு ராகுகாலம், கால் உடையவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. பதினைந்து சோதனையில் அது ஒன்றைத்தான் நான் ஒழுங்காகச் செய்தேன். கீழே ஆள் நின்றதாம் என்று, அதைப் போய்ச் செல்லாது என்றுவிட்டார்கள்.