நோட்டுகளை வைக்க ஓர் இடம்

— கழுத்து திரும்ப மாட்டேங்கு ஸ்வீட்லின். விடியக்காலம் நாலு மணிக்குப் பீடி எலையோட சொளவ மடியில வச்சவ, ஆயிரம் பீடி முடிச்சு எந்திரிக்கும்போது மத்தியானம். பெடனியில இருந்து தோள் வரைக்கும் ஆணி அடிச்ச மாதிரி இருக்கு. நீ பேசு, நான் இந்தச் செவத்துல சாஞ்சிக்கிடுதேன்.

— நாற்காலி கெடக்குல்லா முத்துராணியக்கா, அதுல இரிங்க. நஃபீஸத் ராத்தா, நீங்களும் உள்ள வாங்க. வெளிய பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்காது.

— வண்ணார்பேட்டையில கட வச்சா பஸ் சத்தம்தான் கேக்கும், வீணைச் சத்தமா கேக்கும்? நான் வாசல்லயே நிக்கேன் புள்ள. உன் கடையில கம்ப்யூட்டருக்குத்தான் காத்தாடி, மனுசருக்கு இல்ல.

— போதும் நஃபீஸத், விசயத்துக்கு வருவோம். ஏட்டி, நம்ம வெப்சைட்டு நின்னு இன்னைக்கு எத்தன நாளு?

— புதங்கெழமையில இருந்துக்கா. இன்னையோட நாலு நாளு.

— திங்கக்கெழம பதினொரு மணிக்கு பி.எஃப். ஆபீஸ்ல விசாரணை. நாம மூணு வருசந்தான் அவனுக்குப் பீடி சுத்துனோம்னு கம்பெனிக்காரன் எழுதிக் குடுத்திருக்கான். பத்து வருசம் காட்டாட்டா பென்சன் கெடையாது. காட்டுததுக்கு, வாரம்வாரம் சுத்துன கணக்கு எழுதுன அந்த நோட்டுகள விட்டா நமக்கு வேற என்ன இருக்கு?

— மாசம் ஆயிரம் ரூவா வந்தாக்கூட மருமவ முன்னால கை நீட்டாமக் கழிச்சிருவேன். அந்த நோட்டத்தான் கம்பெனிக்காகப் பீடி வாங்குத கடைக்காரன்ட்ட குடுத்துத் தொலைச்சாச்சே ராணி.

— வாரம்வாரம் பீடியோட சேத்து நோட்டையும் மேசையில வைக்கது நமக்குக் கைப்பழக்கம். பழைய நோட்டு அம்புட்டையும் கொண்டாங்க, புது கார்டு போடணும்னான். நூத்தி எம்பத்திமூணு பேரும் அடுக்கி வச்சிட்டு வந்தோம். இப்பக் கேட்டா, கம்பெனிக்குப் போயிருக்கு, வரும்ங்கான்.

— வரும். நம்ம மவுத்துக்குப் பெறகு வரும்.

— நான் பயப்படல. இந்தப் புள்ள ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ பிடிச்சு நெட்டுல ஏத்தியிருக்கு, இனி எவனும் தொட முடியாதுன்னு சொல்லிச்சு. அந்தத் தைரியத்துலதான் மொத ஆளா நான் நோட்ட வச்சேன். என்னப் பாத்துத்தான் மத்தவளுகளும் வச்சாளுக.

— அதுவந்துக்கா... அதனாலதான் இந்தத் தடவ நல்ல எடமாப் பாத்து மாத்தணும்ங்கேன். நம்ம சைட்டு எங்கயோ ஒரு பெரிய கம்ப்யூட்டர்ல குடியிருக்கு. அதுல எடத்த வாடகைக்கு விடுதவன்தான் ஹோஸ்டிங்காரன். போன தடவ கிங்ஸ்லிட்ட எடுத்தோம். அவன் ஒரு கம்பெனிட்ட மொத்தமா வாங்கி, துண்டுதுண்டா வித்தவன். இப்ப போனே எடுக்க மாட்டேங்கான்.

— உங்க சபைக்காரப் பயதான புள்ள?

— ஆமா ராத்தா. பாட்டுக்குழுவுல கூடப் பாடுனவன். தெரிஞ்ச பையன்னு நம்பிட்டேன்.

— இனிமே தெரிஞ்சவன் வேண்டாம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுதவனாப் பாரு. எத்தன பேரு வச்சிருக்க?

— மூணு பேருக்கா. மொதல்ல இவன். மாசம் தொண்ணூத்தொம்பது ரூவா. எடத்துக்கு அளவே கெடையாதாம்.

— அளவில்லாம எவன் குடுப்பான்? நம்ம கண்ணு முன்னாலயே பீடிக்கடையில எலை எடையில நூறு கிராம் முழுங்குதாவ. கீழ பொடி எழுத்துல என்னமும் போட்டிருக்கானா, வாசி.

— இருக்குக்கா. மொத வருசத்துக்கு மட்டுந்தான் தொண்ணூத்தொம்பது. பெறகு முன்னூத்தி அறுவது.

— புதுசா சேருத பிள்ளைக்கு நல்ல எலையாக் குடுத்து, மூணாம் மாசம் ஓட்ட எலைய அள்ளிப் போடுவான்லா, அந்தக் கதைதான். தள்ளு அவன. அடுத்தது?

— இது பெங்களூர்க் கம்பெனி. நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது புள்ளி ஒம்பது நேரம் ஓடும்னு எழுதியே குடுக்கான்.

— தமிழ்ல சொல்லு புள்ள.

— ஆயிரம் மணி நேரத்துக்கு ஒரு மணி நேரந்தான் நிக்கும் ராத்தா.

— ஆயிரம் பீடிக்கு ஒரு பீடிதான் கழிவா! அந்த ஆள நம்ம பீடிக்கடைக்கு வரச் சொல்லு. இங்கன ஆயிரத்துக்கு அம்பது கழிச்சு, கழிச்சதையும் அவனே வித்துக்கிடுதான்.

— சிரிக்காத நஃபீஸத். அந்த ஒரு மணி நேரம் திங்கக்கெழம பதினொண்ணுக்கு வந்துச்சுன்னா?

— நின்ன நேரத்துக்கு வாடகையில கழிச்சுத் தருவானாம்க்கா.

— கழிச்ச வாடகைய ஆபீசர் மேசையில வைக்கவா? நின்னா எந்திரிச்சு வந்து பாக்க ஆளு இருக்கா, இல்லையா?

— மெயில் போடணும். ஒரு நாளைக்குள்ள பதில் வரும்.

— வேண்டாம். மூணாவது ஆளச் சொல்லு.

— இவன் வெல கூட. மாசம் நானூத்தம்பது. ஆனா எந்நேரமும் போன்ல ஆளு இருக்கும், தமிழ்லயே பேசலாம்னு போட்டிருக்கான். தெனமும் ஒரு நகல் எடுத்து வேற ஊர்ல வைப்பானாம். நாம வெலகுதோம்னா நம்ம சாமான நாமளே எடுத்துட்டுப் போக விடுவான்.

— நகலுக்குத் தனிக் காசா?

— இல்லக்கா, இதுலயே சேத்தி.

— கிங்ஸ்லிட்ட?

— அவன்ட்ட... தனி.

— சரி, இந்த மூணாவது ஆளுக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல போடு. எடுக்கானான்னு பாத்துருவோம்.

— இப்பவா? நான் பைய சாயங்காலமாக் கூப்பிட்டுப் பேசிக்கிடுதேன்க்கா. நீங்க வீட்டுக்குப் போயி செத்த படுங்க.

— நாளைக்கு ஞாயித்துக்கெழம. இப்பவே போடு.

— ஏ ராணி, போன் ரெண்டாவது மணி அடிக்கதுக்குள்ள எடுத்துட்டான் பாரு!

— வணக்கம் மேடம். என் பேரு குமரகுருபரன். நான் என்ன உதவி செய்யணும்?

— தம்பி, நான் பேட்டையில இருந்து முத்துராணி பேசுதேன். பீடி சுத்துதவ. எங்க வெப்சைட்டு நின்னு போச்சு. உங்ககிட்ட வந்தா திங்கக்கெழம பதினொரு மணிக்கு ஓடுமா? ஓடும், ஓடாது, ரெண்டுல ஒண்ணு சொல்லும்.

— ஓடும்மா. இன்னைக்குப் பணம் கட்டுனீங்கன்னா ஒரு மணி நேரத்துல எடம் தயார். உங்க பழைய சைட்டோட நகல் இருக்குல்ல? அத அனுப்புங்க, தனிக் காசு வாங்காம நாங்களே ஏத்தித் தர்றோம்.

— இருக்கு தம்பி, எங்க பிள்ள பென்டிரைவ்ல எடுத்து வச்சிருக்கு. அத இப்பவே... தம்பி? தம்பி? என்னட்டி, சத்தத்தக் காணும்?

— லைன் கட்டாயிட்டுக்கா.

— தானாக் கட்டாகல ராணி. இவதான் அமுத்துனா. நான் வாசல்ல நின்னு பாத்தேன்.

— எதுக்குட்டி அமுத்துன?

— அக்கா... பென்டிரைவ்ல ஒண்ணும் இல்ல.

— வேற எதுல வச்சிருக்க?

— எதுலயும் இல்ல. நகல் எடுக்கவே இல்ல. அதுக்கு மாசம் நாப்பது ரூவா கூடக் கேட்டான் கிங்ஸ்லி. நீங்க ஆளுக்கு இருவது இருவதாப் போட்டுச் சேத்த காசு, மிச்சம் பிடிப்போம், நானே எடுத்துக்கிடலாம்னு வேண்டாம்னுட்டேன். நாளைக்கு எடுப்போம், நாளைக்கு எடுப்போம்னு தள்ளிக்கிட்டே போச்சு. நீங்க கேட்டப்ப, எடுத்தாச்சுன்னு வாயில வந்துட்டு.

— நீ பிடிச்ச போட்டோவெல்லாம் உன் போன்ல கெடக்கும்லா புள்ள?

— ஏத்தி முடிச்சதும் அழிச்சிட்டேன் ராத்தா. போன்ல எடம் பத்தல.

— பதறாத நஃபீஸத். கிங்ஸ்லி ஓடிப் போனா அவனுக்கு மேல ஒரு கம்பெனி இருக்குன்னாள்லா, அவன் கம்ப்யூட்டர்ல கெடக்கும். பூட்டுன வீட்டுக்குள்ள சாமான் எங்க போவும்? அவன்ட்ட கேளுட்டி. காசு கேட்டாம்னா இந்தக் கம்மல வச்சிருதேன்.

— கேட்டேன்க்கா. வியாழக்கெழமையே பதில் வந்துட்டு. கிங்ஸ்லி ரெண்டு மாசமா அவங்களுக்கு வாடக கட்டலையாம். அவன் பேர்ல இருந்த எல்லாத்தையும் அழிச்சாச்சாம். திரும்ப எடுக்க வழியில்லைன்னு எழுதியிருக்காவ.

— யா அல்லா.

— வியாழக்கெழம உனக்குத் தெரியும். இன்னைக்குச் சனிக்கெழம. இம்புட்டு நேரமா இவன் வெல இது, அவன் வெல அதுன்னு எனக்கு எடம் பாத்துக் காட்டிக்கிட்டு இருந்த. அங்கன கொண்டு போயி வைக்க நம்மகிட்ட என்னட்டி இருக்கு?

— ஒண்ணுமில்லக்கா. நீங்க வந்ததும் சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரல.

— அழாத ஸ்வீட்லின். திங்கக்கெழம கம்பெனிக்காரன் எழுதுன மூணு வருசந்தான் நிக்கும். நான் பீடி சுத்துன பதினெட்டு வருசத்த நீ எனக்குத் தரணும், வாசல்ல நிக்கவளுக்கு இருவத்திரெண்டு வருசம் தரணும்.