இலையில்லாத செடிக்குத் தண்ணி

...துணி நனஞ்சிடுச்சின்னு கீழ் ஊட்லருந்து ஏறி வந்து கேக்குற, நாயம்தாம்மா ராதிகா. இல்லன்னு சொல்லல. ஆனா என் கதயயும் கேளு. அதோ பால்கனில, மரக்கட்டைல பச்சப் பச்சையா நூடுல்ஸ் மாதிரி தொங்குதே, அது இன்னா சொல்லு? வேரா? அதான் செடியே! ஆர்க்கிட்டாம். ஆப்பிரிக்காவுல மரத்துல ஒட்டிகினு வளருமாம். எல கெடையாது, மண்ணு கெடையாது. எல பாக்குற வேலயயும் வேரே பாத்துக்குமாம். எங்கூட்டுக்காரரு ராயப்பன், மண்ணூர்பேட்டை கம்பெனிலருந்து ரிட்டயர் ஆன கையோட நர்சரில வாங்கியாந்தாரு. ஏங்க, எல இல்லாம குடுத்து ஏமாத்திட்டான், மாத்திகினு வாங்கன்னேன். மொறச்சாரு பாரு!

காலைல தண்ணி அடிக்கணும். பொழுது சாயறதுக்குள்ள காஞ்சிடணும், இல்லாங்காட்டி அழுவிடும். உச்சி வெயிலு ஆவாது, காத்து வேணும். என் புள்ளைங்களுக்குகூட இவ்ளோ பாத்ததில்லம்மா.

அப்பறம் அவருக்குப் பக்கவாதம் வந்துச்சி. கை தேறிடுச்சி, பேச்சு போச்சி. பேசிகினே இருங்க, தானா வரும்னாரு டாக்டரு. எனக்கு பேச சொல்லித் தரணுமா? பேசினேன், பேசினேன்... அந்த மனுசன் செவுத்தப் பாத்துகினு ஒக்காந்திருப்பாரு. ஃபாதர் வந்து ஜெபம் பண்ணாரு. பையன் அலெக்ஸ் வீடியோ கால்ல அழுதான். ம்ஹூம்!

ஒருநாளு, காலைல தண்ணி அடிச்சத மறந்துட்டு சாயங்காலமும் அடிச்சிட்டேன். 'போ...தும்'னு ஒரு சத்தம். திரும்பினா அவரு! 'அழுவிடும்.' யேசுவே! மாசக்கணக்கா நான் கத்துனதுக்கு வராத பேச்சு, அந்த வேருக்கு வருது. சந்தோசப்படறதா, சண்ட போடறதா, நீயே சொல்லு.

மறுநாளு சாயங்காலமும் அடிச்சேன். வேணும்னேதான். 'அறிவு கீதா?'ன்னு திட்டுனாரு.

அவரு பேசணும்ங்கறதுக்காவ தெனமும் அடிச்சி செடிய சாவடிக்க முடியுமா? அது செத்துட்டா யாருக்காவ பேசுவாரு? அதான், செடிக்கு அடிக்கிறாப்புல காட்டிட்டு, பக்கத்துல செவுத்துல அடிக்கிறேன். செவுறு குடிச்சது போவ மீதி உன் துணிக்கு வருது. சாயங்காலமானா துணிய உள்ள எடுத்துக்கம்மா, கொஞ்ச நாளைக்கு.

இன்னா, கெளம்பிட்ட? லிஃப்ட் வந்தா வரட்டும், இரு... உள்ள கத்துறாரு, கேக்குதா? 'ஞானகுமாரி, அந்தப் பொண்ண வுடு, வாய மூடு'ன்றாரு!

பாத்தியா... ஒரு வார்த்தகூட கொழறல.