ஏரிக்குக் கட்டிய பை

கம்பளிக் காலுறைகளைத் தனியாக அடுக்கினால் பையில் இடம் வீணாகும். அவற்றைப் பூட்ஸுக்குள் திணித்துவிட வேண்டும். பூட்ஸும் நசுங்காது, காலுறைக்கும் இடம் தேட வேண்டாம். பை கட்டுவதில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை என்று என் மகளே சொல்வாள். அவள் லேசில் யாரையும் பாராட்டுகிறவள் இல்லை.

நீங்கள் கேட்டது பையைப் பற்றி இல்லை, தெரியும். ஆனால் அங்கிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குக் கோவையாக வரும். நின்றுகொண்டே கேட்காதீர்கள்மா, அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சீருடை போட்டுவிட்டால் கால் வலிக்காமல் போய்விடுமா என்ன.

என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஊரில் யார் எந்த மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டாலும் இவருக்குத்தான் போன் வரும். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். கல்யாணமான புதிதில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. போகப் போக ஒன்று தோன்ற ஆரம்பித்தது. ஒரு பெட்டிக்குள் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டவர்களுக்கு இருக்கிற மதிப்பு, வீட்டுக்குள்ளேயே கிடக்கிற எனக்கு இல்லையே என்று. தோன்றியதோடு சரி. வாய்விட்டு ஒன்றும் கேட்டதில்லை.

வேலையை விட்ட பிறகாவது வீடு தங்குவார் என்று பார்த்தேன். பாலத்தடியில் தூண்டிலோடு போய் உட்கார்ந்துகொண்டார். அப்புறம்தான் உடம்பு படுத்த ஆரம்பித்தது. வாந்தி, கை நடுக்கம், கால் மரத்துப்போவது. டாக்டர் எடுக்காத ரத்தம் இல்லை, ஒன்றும் பிடிபடவில்லை. அன்றிலிருந்து இத்தனை வருஷமும் நான்தான் பார்த்துக்கொண்டேன். தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்கக் கொடுத்தால், என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ இல்லைன்னா நான் என்ன ஆவேன் என்பார். எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நன்றாக இருந்த காலம் அதுதான் என்பேன்.

நோயாளியைப் பார்ப்பது எனக்குப் பழக்கம்தான். மாமியாரைக் கடைசிவரை பார்த்தது நான்தான். மகளும் சின்ன வயதில் நோஞ்சான். பள்ளிக்கூடத்துக்குப் பாதி நாள் போகமாட்டாள், என் மடியிலேயே கிடப்பாள். விடுதியில் சேர்த்ததும் கன்னம் உப்பிப்போய், ஓட்டப்பந்தயத்தில் வாங்கின கோப்பையோடு வந்து நின்றாள். அங்கே என்னதான் போட்டார்களோ. வீட்டில் ஒருத்தி பார்த்துக்கொள்கிற அருமை சிலருக்குத் தெரிவதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் குள்ளர் வந்தார். இவரோடு வேலை பார்த்தவர். நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வர முடியும், அவ்வளவு உயரம். அதனால்தான் அந்தப் பெயர். கையில் ஒரு படம். நாலு பக்கமும் காடு, நடுவில் ஏரி, கரையில் மரத்தால் கட்டின விடுதி. வேறு தேசம், பனிப் பக்கம். ரோடு கிடையாது. தண்ணீரில் இறங்குகிற குட்டி விமானத்தில்தான் போக வேண்டும். போன் எடுக்காது. கரடி வருமாம், சாப்பாட்டைப் பூட்டித்தான் வைக்க வேண்டுமாம். மீன் மட்டும் நம் கை நீளத்துக்கு இருக்குமாம்.

"யார் கை நீளம், உன் கையா என் கையா?" என்று படுத்தபடி இவர் கேட்டார்.

"என் கைதான்டா. உன் கை நீளத்துக்கு இருக்கறதையெல்லாம் தண்ணியிலயே விட்டுடுவாங்க."

இவர் சிரித்தார். சிரித்ததோடு விடாமல் தலையணையைச் சாய்த்து வைத்து எழுந்து உட்கார்ந்தார். அந்தப் பயணம் எனக்கு அன்றைக்கே பிடிக்காமல் போனதற்குக் காரணம் குள்ளரோ கரடியோ இல்லை. என் உதவி இல்லாமல் அவர் எழுந்து உட்கார்ந்ததுதான்.

நான் மறுப்பு சொல்லவில்லை. டாக்டர் வேண்டாமென்று சொல்வார் என்று அவரிடம் விட்டேன். அந்த மனிதரோ, காற்று மாறினால் தேறிவிடுவார், தாராளமாகப் போகட்டும் என்றார். அந்த வாரம் இவருக்கு ரொம்ப முடியாமல் போயிற்று. மூன்று வேளையும் வாந்தி. சரி, பயணம் நின்றது என்று நினைத்தேன். குள்ளர் கட்டிலருகே நின்று, தங்கச்சி, இங்க படுத்து வாந்தி எடுக்கறதை அங்க படகுல உக்காந்து எடுக்கட்டுமே, மீனுக்காவது ஆகும் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவர்தான் என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துடறேன்மா. அப்புறம் நீ சொல்றபடி படுத்துக்கறேன், எழுந்திரிக்கவே மாட்டேன்."

அப்படிக் கேட்கிற மனிதரிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சரி என்றேன். நானே பை கட்டுகிறேன் என்றும் சொன்னேன்.

அதன் பிறகு வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. கெட்டிப் பெட்டி கூடாது, மெத்தென்ற பைதான் அந்த விமானத்தில் இடுக்கில் நுழையும். எடைக்கு ஒரு வரம்பு. நான் குளியலறையில் எடைமெஷின் மேல் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறுவேன். முள்ளைப் பார்க்க முடியாதபடி பை மறைக்கும். உதவிக்கு வந்திருந்த மகள் கீழே குனிந்து படித்துச் சொல்வாள். இதில் பை எவ்வளவு, நீ எவ்வளவும்மா என்று கேட்பாள். அதை ஏன்டி கேட்கிறாய் என்பேன். மழைக்கோட்டு, கொசுவலை தைத்த தொப்பி, இடுப்புவரை போடுகிற ரப்பர் காற்சட்டை, தூண்டில் நரம்புச் சுருள்கள், இறகு கட்டின பொய் இரைகள். ஒவ்வொன்றின் முள்ளுக்கும் ஒரு துண்டு தக்கை செருகினேன். அவர் விரலில் குத்திவிடக் கூடாதே.

இவர் பால்கனியில் நின்று தூண்டில் வீசிப் பழகினார். முதல் வீச்சில் எதிர்மாடிக் கொடியில் காய்ந்த பனியனைப் பிடித்தார். எதிர்மாடிக்காரர் வெளியே வந்து, அதை விட்டுடுங்க சார், இன்னும் வளரட்டும் என்றார். கை நடுங்குகிறவர் வீசினால் அப்படித்தான். ஆனால் நாளுக்கு நாள் வீச்சு நேராகிக்கொண்டே வந்தது. உற்சாகத்தில் அவர் சரியாகச் சாப்பிடாமல், குடிக்காமல் எழுந்துபோய்விடுவார். நான் தம்ளரோடு பின்னாலேயே அலைவேன்.

இங்கேதான் டப்பா வருகிறது. இதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

பால்பொடி, கோகோ, சர்க்கரை. வெந்நீர் ஊற்றினால் போதும். குளிர் தேசத்தில் சூடாக ஏதாவது குடிக்க வேண்டாமா? பெரிய டப்பா நிறையக் கலந்தேன். வீட்டில் அவர் பாலில் நான் போடுவதை அதிலும் போட்டேன். அது என்ன பொடி என்று உங்கள் ஆட்கள் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். நான் பெயரைச் சொல்ல மாட்டேன். காதில் வாங்குகிறவர்கள் எல்லோரும் நல்லவர்களாக இருப்பார்களா என்ன.

வீட்டில் என்றால் அளவு என் கையில் இருக்கும். இன்றைக்கு முகம் தெளிவாக இருக்கிறதா, கொஞ்சம் கூட்டிப் போடுவது. கால் தள்ளாடுகிறதா, ஒரு நாள் விட்டுவிடுவது. அவர் கஷ்டப்பட வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை, படுத்திருந்தால் போதும். அவ்வளவு தூரத்தில் யார் அளந்து போடுவார்கள்? காற்று ஆளைத் தேற்றிவிடும் என்று வேறு டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் கொஞ்சம் தூக்கலாகவே கலந்தேன். இது உங்களுக்கு மட்டும், யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கிறதே. வீடாக இருந்தால் நானே ஏதாவது கலந்து கொடுத்திருப்பேன்.

போய்விட்டார்கள். வீடு வெறிச்சென்று இருந்தது. நான் அவர் போர்வையைத் துவைத்தேன், மருந்து மேஜையைத் துடைத்தேன், கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டேன். திரும்பும்போது எந்த நிலையில் வருவாரோ, நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார்களோ என்று எதிர்வீட்டுப் பெண்களிடம் புலம்பினேன். அவர்கள் என் கையைத் தடவிக் கொடுத்தார்கள்.

அவர் படியேறி வந்தார். லிப்ட் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் படியேறி வந்தார், பையைத் தானே தோளில் போட்டுக்கொண்டு. முகம் வெயிலில் கறுத்திருந்தது. கையை நீட்டிக் காட்டினார். நடுக்கம் இல்லை. சாப்பிட உட்கார்ந்து மறுசோறு கேட்டார். எனக்கு அவரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அந்நிய ஆண்பிள்ளை ஒருவர் என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் போல.

குடிச்சீங்களா என்று கேட்டேன். அவர் அசடு வழிந்தார்.

விஷயம் இதுதான். நான் பையைத்தான் எடை போட்டேன். அங்கே ஆளையும் சேர்த்து எடை போடுவார்களாம். ஏரிக்கு விமானம் புறப்படும் துறையில் ஒரு மர அறை, அதில் ஒரு பெண், பெரிய தராசு. குள்ளர் ஏறி நின்றதும் கணக்கெல்லாம் கவிழ்ந்துவிட்டது. ஏதாவது ஒன்றை இறக்குங்கள் என்றிருக்கிறாள். குள்ளர் தூண்டில் பெட்டியைத் தரமாட்டேன் என்று மார்போடு அணைத்துக்கொண்டாராம். இவர் என் டப்பாவை இறக்கிவிட்டார்.

"அந்தப் பொண்ணு குளிர்ல ஒடுங்கிப்போய் உக்காந்திருந்துச்சும்மா. நம்ம பொண்ணு வயசுதான் இருக்கும். என் சம்சாரம் கைப்பட கலந்தது, தினம் குடின்னு சொல்லிக் கொடுத்தேன். திரும்பி வரப்போ பாதிக்கு மேல தீர்த்திருந்துச்சு. உடம்புக்கு முடியலைன்னு சொல்லுச்சு, ஆனாலும் உனக்கு நன்றி சொல்லச் சொல்லுச்சு."

நீங்கள் இப்போது என்ன கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். அந்தத் துறையின் போன் நம்பர் என் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்தது. குள்ளர்தான் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒட்டிவைத்தார். அந்தப் பெண் அப்போது உயிரோடுதான் இருந்தாள், அதற்கப்புறமும் ஒரு வாரம் இருந்திருக்கிறாள் என்கிறீர்கள். ஒரு வார்த்தை, அதைக் குடிக்காதே என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள்.

சொல்லியிருக்கலாம். நம்பரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்கூட. ஆனால் அடுப்பில் அவருக்குப் பால் வைத்திருந்தேன். பொங்கி வந்துவிட்டது. இறக்கி, ஆற்றி, பொடியைப் போட்டுக் கலக்கினேன். இவ்வளவு நாள் விட்டுப்போனதால் கொஞ்சம் கூடவே போட வேண்டியிருந்தது. ஒரே நேரத்தில் எத்தனை பேரை நான் பார்க்க முடியும், நீங்களே சொல்லுங்கள். அந்தப் பெண் எனக்கு யார்? ஒருவருக்கென்று செய்ததை இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்தது அவர். அவர்மேல் எனக்குக் கோபம்கூட இல்லை, சின்ன வயதிலிருந்தே தாராள மனசு. ஊருக்கெல்லாம் ஓடினவர்தானே.

அவள் மேஜையிலிருந்த டப்பாவை அந்த ஊர் ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். அது யார் கொடுத்தது என்று தேடி நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து முடியை வெட்டி எடுத்தார்கள். ஒரு முடிக்குள் இத்தனை மாதத்துக் கதையும் இருக்குமாமே. நடுவில் ஒரு இடம் மட்டும் சுத்தமாக இருந்ததாம். ஏரியில் இருந்த நாட்கள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஆமாம், நான்தான் போட்டேன். இத்தனை வருஷமும் நான்தான். மாமியாருக்கும் நான்தான். மகள் விஷயத்தை அவளிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், அவளுக்கு மனசு சங்கடப்படும். ஏன் என்று கேட்கிறீர்கள். உடம்பு சரியாக இருந்தால் இவர்களில் ஒருவராவது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பார்களா?

அவர் இப்போது மகள் வீட்டில் இருக்கிறார் என்றீர்கள். தானே சமைத்துச் சாப்பிடுகிறாராம். காய்கறி வாங்கி வந்து மூன்று மாடியும் நடந்தே ஏறுகிறாராம். குள்ளரோடு மறுபடியும் பாலத்தடிக்குப் போகிறாராம். கேட்கும்போதே எனக்கு நெஞ்சு பதைக்கிறது. பாவம், கவனித்துக்கொள்ள ஒரு ஆள் இல்லாமல் மனிதர் என்ன பாடுபடுகிறாரோ.