ஆறு மாநில ஜனாதிபதி

முத்தியால்பேட்டை டெம்போவில் எனக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சட்டைக் காலரில் மேக்கப் ஒட்டியிருந்தது.

"நான் ஜனாதிபதிடி. பட்டாளத்துக்காரன் கால்ல எப்படி விழுவேன்?" என்றார்.

"சினிமாவுலதான ஜனாதிபதி? விழுந்து எழுந்தா கொறஞ்சா போயிடுவ?"

"ஆறு மாநிலம் சேந்து ஓட்டு போட்ட ஆளு நான். மேசையில ஆறு கொடி வச்சிருக்காங்க."

"அப்படி ஒரு நாடே கெடையாதுய்யா."

"நான் வேல பாத்த மில்ல மூடுனப்பவே எவன் கால்லயும் விழல. இங்க விழுவனா?"

"நாளைக்கு வேற ஆளப் போட்டுடுவாங்க."

"பதவி ஏத்துக்கற சீன நேத்தே எடுத்துட்டாங்க. மூஞ்சிய எப்படி மாத்துவான்?"

அவர் போன் அடித்தது. "ஷூட்டிங் மேனேஜர்" என்று சொல்லிவிட்டு எடுக்காமல் இருந்தார். மனைவி பிடுங்கிக் காதில் வைத்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நான் அவரு சம்சாரம் பேசறேன். காலையில வந்துடுவாரு. ஆனா கால்ல விழ மாட்டாரு. யாராவது விழுந்தே ஆவணும்னா அந்தப் பட்டாளத்துக்காரன விழச் சொல்லுங்க."