அண்ணன் நாலு தடவை வந்த வருஷம்

ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ். முன் ஸீட்டில் இரண்டு பெண்கள்.

“எங்கண்ணன் இந்த வருஷம் நாலு தடவை வீட்டுக்கு வந்துட்டாருக்கா” என்றாள் இளையவள், ஏதோ வியாதியைச் சொல்வதுபோல.

“நல்லதுதானே?”

“பத்து வருஷமா பொங்கல் சீரே கிடையாது. இந்தத் தடவை கரும்பு, மஞ்சக்கொத்து, புடவை எல்லாம் வந்துச்சு. அப்பா சொத்துல பொண்ணுக்கும் பங்கு உண்டுன்னு புதுச் சட்டம் சொல்லுதாமே. உறையூர் வீட்ல எனக்குப் பங்கு வேணாம்னு எழுதிக் குடுக்கச் சொல்றாரு.”

“நீ என்ன சொன்னே?”

“வீடு எனக்கெதுக்கு? அவரே வெச்சுக்கட்டும்.”

“அப்ப கையெழுத்துப் போட்டுட வேண்டியதுதானே?”

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியது.

“போட்டுட்டா, அடுத்த பொங்கலுக்கு வருவாராக்கா?”