வளையத்தின் மேல் கை

வெள்ளிக்கிழமையில் வாலிகண்டபுரத்திலிருந்து சிறுவாச்சூருக்கு பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் சார். திங்களும் வெள்ளியும் காளி கோயில் கூட்டம் அப்பிக்கொண்டு வரும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் நான் நின்றுகொண்டேதான் வந்திருக்கிறேன். அது நடந்த அன்றைக்கும் அப்படித்தான். கால் வலித்தது. வேறு எந்தக் கலக்கமும் எனக்கு இல்லை.

என்னை யாரும் இழுத்துக்கொண்டு வரவில்லை என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். விசாரணையை முடித்துக் கட்டிவிட்டீர்கள். நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

சிறுவாச்சூரில் ராசாங்கம் மொதலாளியின் பட்டறையில், அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலைகளுக்கு ஆள் உயரத்தைவிடப் பெரிய விசிறிகள் செய்கிறோம். பிளேடைக் கம்ப்யூட்டரில் வரைவது நான். வீட்டு ஃபேன் போலத் தகட்டை வளைத்துவிட்டால் ஆகாது. விமான இறக்கை மாதிரி முன் விளிம்பு உருண்டு, முதுகு உப்பி, பின் விளிம்பு மெலிந்து முடிய வேண்டும். அடி, நடு, நுனி என்று தனித்தனியாக வெட்டுமுகம் வரைந்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரே தோலாகப் போர்த்த வேண்டும். தோலில் சின்னச் சுருக்கம் இருந்தாலும் காற்று அங்கே முட்டிக் கத்தும். எடை குறைய பிளேடின் உள்ளே கூடாக விடுவோம். அதற்கு உள்பக்கம் இன்னொரு தோல் வரைவேன். இரண்டு தோலுக்கும் நடுவே நிற்கிற அலுமினியம்தான் பிளேடு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புது விசிறியை முதல் தடவை சுற்றவிடும்போது, ஆலையில் ஓடப்போகிற வேகத்தைவிடக் கூடுதலாக ஓட்டிப் பார்ப்போம். அப்போது பிளேடை வரைந்தவர், விசிறியைச் சுற்றியிருக்கும் தகட்டு வளையத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். மற்றவர்கள் சுவருக்குப் பின்னால் போய்விடுவார்கள்.

"வரைஞ்சவங்க கைதான் வைக்கணும். தான் செஞ்சது மேல தனக்கே நம்பிக்க இல்லன்னா அத என்னத்துக்குச் செய்யணும்?" என்பார் மொதலாளி.

அந்த வெள்ளிக்கிழமை வரை எல்லா விசிறிக்கும் வைத்தது என் கை. அந்த நேரத்தில் பட்டறை மொத்தமும் என்னைத்தான் பார்க்கும். அது எனக்குப் பிடிக்கும். மறைக்க என்ன இருக்கிறது?

போன வருடம் ஒரு ஆலையிலிருந்து, விசிறி இரைச்சலில் பக்கத்து ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்று சொன்னார்கள். நுனி வளைவோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன். தீபாவளிக்குக்கூட மனசு வீட்டில் இல்லை. கடைசியில் அமைந்தது. அவ்வளவு பெரிய விசிறி தூங்குகிற பிள்ளை மூச்சுவிடுவது போல ஓடியது. அடுத்த வாரம் ஹைவே ஓரத்தில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். மொதலாளி மகன் அறிவுச்செல்வன், சென்னையில் படிப்பை முடித்துவிட்டு வந்தவர், கோட்டு போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, 'சத்தமில்லா விசிறியின் வடிவமைப்பாளர்'.

மொதலாளியிடம் கேட்டேன்.

"கோச்சுக்காத வெற்றி. ஆலைக்காரங்க டிகிரி இருக்கறவங்க பேரக் கேக்குறாங்க. பேரு யாரோடதா இருந்தா என்ன, வேல நம்ம பட்டறையோடதுதானே?"

"சரிங்க மொதலாளி" என்றேன். தினமும் பஸ் அந்த ஃப்ளெக்ஸைத் தாண்டித்தான் போகும். கண்ணை மூடிக்கொண்டால் கண்டக்டர், "தூங்காதீங்க, எறங்குங்க" என்பார்.

அடுத்த ஆர்டரும் அவர் பெயரில்தான் வந்தது. வரைந்தது நான். பெயர் அவருடையது என்றால் கையும் அவருடையதாகத்தானே இருக்க வேண்டும்? நியாயமாக யோசித்துப் பாருங்கள். வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை.

வெளித்தோலை நான் தொடவில்லை. அதைக் கெடுக்க எனக்கு மனசு வராது. பிளேடு விசிறியின் நடு வட்டத்தோடு சேரும் அடிப்பகுதியில் உள்தோலை மட்டும் வெளியே நகர்த்தினேன். அலுமினியம் அங்கே நகத்தின் கனத்துக்கு மெலிந்தது. அடியில் குறைந்த எடையை நுனியில் சேர்த்துவிட்டேன்; தராசில் வைத்தாலும் தெரியாது. ஆலைக்குப் போன பிறகு உடைந்தால் ஒரு பாவமும் அறியாத தொழிலாளி அடிபடுவான். அதனால் எங்கள் சோதனை வேகத்தைத் தாங்காதபடி கணக்குப் போட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் பொறுப்பில்லாதவள் இல்லை.

அறிவுச்செல்வன் அதைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு சுருக்கம்கூட இல்லக்கா. நீங்க போட்டா கண்ண மூடிக்கிட்டு கையெழுத்துப் போடலாம்" என்றார். போட்டார். நல்ல பையன். அவரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை பிளேடுகளுக்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, எல்லாரும் சுவருக்குப் பின்னால் போனார்கள். அறிவுச்செல்வன் வளையத்துக்குப் பக்கத்தில் போய் நின்றவர், திரும்பி என்னைப் பார்த்தார்.

"அப்பா, இது சரியில்லப்பா" என்றார், எல்லார் காதிலும் விழும்படி. "போன பிளேடும் அக்கா வரைஞ்சதுதான், இதுவும் அக்கா வரைஞ்சதுதான். அந்த ஃப்ளெக்ஸ இன்னைக்கே கழட்டிருவோம். அக்கா, நீங்க வந்து கை வைங்க."

மொதலாளி சுவருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். "அவன் சொல்றதுதான் ஞாயம். வா வெற்றி" என்றார்.

பிளேடு என்னுடையது என்கிற அந்த ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் சோதனையை நிறுத்தச் சொல்லிவிடுவேன் என்று எனக்குள் எத்தனையோ தடவை சொல்லி வைத்திருந்தேன். வந்துவிட்டது. ஆனால் நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார்களே. பட்டறை மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, என் பிளேடு என்று ஆன அந்த நிமிடத்திலேயே, அதில் பழுது இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வேன்? என் பிளேடில் பழுது என்று யாரும் இதுவரை சொன்னதில்லை.

"கையெழுத்து உங்களது தம்பி. நீங்களே வைங்க. இன்னைக்கு நான் தள்ளி நின்னு பாக்குறேன்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சரிக்கா, ஒங்க ஆசீர்வாதமா எடுத்துக்கறேன்" என்று உள்ளங்கையை வளையத்தின் மேல் வைத்தார். நான் சுவருக்குப் பின்னால் போனேன்.

மற்றதை நீங்கள் போட்டோவில் பார்த்திருக்கிறீர்கள். எனக்குக் கேட்டது சத்தம் மட்டும்தான். என் விசிறிகளில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

அறிவுச்செல்வனின் காரியம் முடிந்த மறுநாள் மொதலாளி என் வீட்டுக்கே வந்தார். அதற்குள் பத்து வயது கூடியிருந்தது அவருக்கு. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போலீஸ் கேட்டாங்க. எம்புள்ளதான் வரைஞ்சான்னு சொல்லிட்டேன். பட்டறை ஆளுங்ககிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். தெரியாம நடந்த தப்புக்கு நீயும் எதுக்கு ஜெயிலுக்குப் போவணும்? அவன்தான் போயிட்டான், நீயாவது இரு வெற்றி."

அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அவருக்காக என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் போன பிறகும் அது நிற்கவில்லை. அப்போதுதான் புரிந்தது. என் பிளேடை இரண்டாவது தடவையாக அவர் மகன் பெயரில் எழுதிவிட்டார்கள்.

உங்கள் அறிக்கையில் 'வடிவமைத்தவரின் கவனக்குறைவு' என்று இருக்கிறதாமே. கம்ப்யூட்டரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். திறந்து காட்டுகிறேன். அந்த உள்தோலை எங்கே வேண்டுமானாலும் வெட்டிப் பாருங்கள்; கவனம் குறைந்த இடம் ஒன்றை நீங்கள் காட்டிவிட்டால் நான் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறேன். எந்த வேகத்தில் உடைய வேண்டும் என்று வரைந்தேனோ அந்த வேகத்தில் உடைந்தது. நான் வரைந்ததிலேயே அதுதான் நல்ல பிளேடு.

வரைந்தவர் என்ற இடத்தில் இருக்கிற பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள் சார். வெற்றிச்செல்வி. நடுவில் 'ச்' வரும், விட்டுவிடாதீர்கள்.