புள்ளிக்கு நேராக

எனக்குப் பாட்டுக் கேட்கும் பழக்கம் கிடையாது. படிப்பேன், இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்பேன். பேச்சில்லாத வீடுதான் எனக்குப் பிடிக்கும். அதனால் உங்கள் மேசைமேல் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டியைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரிந்திருப்பது உங்களுக்கு விசித்திரமாகப் படலாம். எல்லாம் மச்சினன் சொல்லிக் கொடுத்ததுதான்.

அதற்கு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் என்று பெயர். கணினிக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் உட்கார்ந்து ஒலிக்கு வலுக் கூட்டும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். மேலே ஒரு குமிழ், குமிழில் ஒரு வெள்ளைக் கோடு. வேறொன்றும் இல்லை.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. கொஞ்ச நாளைக்குத்தான் மாமா என்று சொல்லி எங்கள் பின்னறைக்கு வந்தவன், அங்கேயே நிலைத்துவிட்டான். புத்தகங்களை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்கிறார்களே, அந்தப் பதிவுகளைச் சுத்தம் செய்வது அவன் வேலை. படிப்பவர் மூச்சு இழுப்பது, எச்சில் விழுங்குவது, நாற்காலி முனகுவது எல்லாவற்றையும் தேடிப்பிடித்து வெட்டுவான். அவனுக்கு இருந்தது அந்தக் காது ஒன்றுதான். படிப்பு ஏறவில்லை, வேறு தொழிலும் தெரியாது.

அவனிடம் மூன்று ஹெட்போன்கள் இருந்தன. மூன்றுக்கும் பெயர் வைத்திருந்தான். பெரியது சோம்பேறி, எவ்வளவு வலுக் கொடுத்தாலும் மெதுவாகத்தான் எழுந்திருக்கும். நடுவிலுள்ளது வாத்தியார், தப்பை மட்டும் எடுத்துச் சொல்லும். காதுக்குள் செருகிக்கொள்ளும் பொடிசு, கோள்சொல்லி. சோம்பேறிக்கு வைத்த அளவிலேயே கோள்சொல்லியைச் செருகினால் செவிட்டில் அறைந்த மாதிரி இருக்கும் என்றான். அதனால் அக்காவின் நகப்பூச்சை வாங்கி, குமிழைச் சுற்றிப் பெட்டியின் மேல் மூன்று நிறத்தில் மூன்று புள்ளிகள் வைத்தான். அலுவலகத்தில் சத்தம் அளக்கும் கருவியைக் கொண்டு அளந்து வைத்த புள்ளிகள்.

"காது பழகிடும் மாமா. இன்னிக்கு அதிகமா தெரியறது நாளைக்கு சரியா இருக்கும், அப்புறம் பத்தாது. அதான் காது சொல்றத நான் கேக்கறதே இல்ல. கோட்ட புள்ளிக்கு நேரா வெச்சுட்டு கைய எடுத்துடுவேன்."

அந்தக் கட்டுப்பாட்டை நான் மதித்தேன். இன்றும் மதிக்கிறேன். அது இல்லையென்றால் நான் செய்தது எதுவும் நடந்திருக்காது.

ஒரு மத்தியானம், மூன்று ஹெட்போனுக்கும் உள்ள வித்தியாசத்தை அக்காவுக்குக் காட்டுகிறேன் என்று ஆரம்பித்தான். நாங்கள் சாப்பிடும்போது எங்களுக்குத் தெரியாமல் மேசையடியில் மைக்கை வைத்திருக்கிறான். அந்தப் பதிவை முதலில் சோம்பேறியில் போட்டான். பெரிய கூடத்தில் யாரோ தூரத்தில் சாப்பிடுவதுபோல இருந்ததாக அவள் சொன்னாள். வாத்தியாரில் தட்டும் கரண்டியும் தனித்தனியாகத் தெரிந்தன. பிறகு கோள்சொல்லியைக் கொடுத்தான்.

"இத கேளுக்கா. நீ ஏதாவது கேட்டா, பதில் சொல்றதுக்கு முன்னாடி மாமா ஒரு குட்டிப் பெருமூச்சு விடறாரு. ஒவ்வொரு தடவையும். உனக்கு மட்டுந்தான். எனக்கெல்லாம் விடறதில்ல."

அவள் சிரித்துக்கொண்டேதான் செருகினாள். சிரிப்பு நின்றது. இன்னொரு தடவை போடச் சொன்னாள். விளையாட்டுக்குத்தான் அக்கா என்றான். போடு என்றாள்.

அந்தப் பெருமூச்சு எனக்கே தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை. தெரியும். ஆனால் அது என்னுடையது. இத்தனை வருஷம் ஒருவர் காதிலும் விழாமல் பார்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு என் மனைவி எதைக் கேட்டாலும் கொஞ்சம் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். பிறகு கேட்பதையே நிறுத்திவிட்டாள். பின்னறையிலிருந்து இவன் குரல் மட்டும் வரும்: "மாமா, இப்ப விடல. தேறிட்டீங்க."

குமிழை ஒரு சின்னத் திருகாணிதான் பிடித்திருக்கிறது. என் மூக்குக்கண்ணாடிக்கு வைத்திருக்கும் திருப்புளி அதற்குச் சரியாகப் பொருந்தியது. காலையில் அவன் குளிக்கப் போனால் சீக்கிரம் வரமாட்டான். திருகாணியைத் தளர்த்தி, உள்ளேயிருக்கும் தண்டைப் பிடித்துக்கொண்டு, குமிழை மட்டும் ஒரு மயிரிழை பின்னால் திருப்பி மறுபடி முடுக்கினேன். இனி கோடு புள்ளிக்கு நேராக நின்றால், ஒலி முன்பைவிட ஒரு மயிரிழை கூடுதலாக வரும்.

ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தான். கோட்டைப் புள்ளிக்குக் கொண்டுவந்தான். செருகியதும் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். குனிந்து குமிழைப் பார்த்தான். கோடு நேராகத்தான் இருந்தது. வேலையைத் தொடர்ந்தான்.

அவன் காது அதற்குப் பழகியதும் இன்னொரு இழை. எனக்கு அவசரம் இல்லை. ஒரே அடியாக ஒருவனை அடிக்கிற ஆள் இல்லை நான்.

சில மாதங்களில் காதுக்குள் யாரோ ஓயாமல் விசில் அடிக்கிறார்கள் என்றான். மூச்சுச் சத்தங்களை வெட்டாமல் விட்டிருப்பதாகப் பதிவுகள் திரும்பி வந்தன. தப்பு நேரக்கூடாதென்று ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டான். அப்படிக் கேட்டது என் வேலையைச் சுலபமாக்கியது.

டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். சத்தமாகக் கேட்கிற பழக்கம் உண்டா என்று அவர் கேட்டார். இவனுக்குக் கோபமே வந்துவிட்டது. புள்ளி வைத்த கதையை முழுக்கச் சொன்னான். அவன் ரொம்ப ஜாக்கிரதை டாக்டர் என்று நானும் சொன்னேன். அதில் பொய் இல்லை. பரம்பரையாக இருக்கலாம், போனது திரும்பாது, கொஞ்ச நாள் ஓய்வு கொடுங்கள் என்றார். ஓய்வில் காது சற்றுத் தேறியது. பழைய அளவில் ஆரம்பித்தால் அவனுக்குச் சந்தேகம் வரும். அதனால் குமிழை நானே கொஞ்சம் தணித்து வைத்தேன். பிறகு மறுபடி ஆரம்பித்தேன்.

வேலை போயிற்று. அதற்குள் அவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் கேட்காது. என் மனைவி தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுவாள். பெட்டியைத் தன்னோடு வேலை பார்த்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டான். அந்த ஆள் அடுத்த நாளே பெட்டியோடு வந்து நின்றார்.

"டேய், நீ சொன்ன புள்ளியிலதான்டா வெச்சேன். காதுல இருந்து புடுங்கி எறிஞ்சுட்டேன். இத்தன நாளா இதுலயா கேட்ட? இந்தத் திருகாணியப் பாரு. யாரோ கழட்டிக் கழட்டி மாட்டியிருக்காங்க."

இவனுக்குப் புரியவில்லை. முகத்துக்கு நேராக நின்று அவர் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. என் மனைவிக்கு முதல் தடவையே கேட்டுவிட்டது. உள்ளே போய் என் மூக்குக்கண்ணாடிப் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்துவந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். அவன் காது போக வேண்டும் என்றுதான் செய்தேன். ஆனால் மறைத்தேன் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். வேலை போன அன்றைக்கே அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நான் அவனுக்குப் பின்னால் நிலைப்படியில் நின்று, இப்போது உங்களிடம் பேசுகிற இதே குரலில், திருகாணியிலிருந்து டாக்டர் வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவன் திரும்பவில்லை. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மன்னித்துவிட்டான் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.